கருவிகளின் கதை – 14: எல்லாவற்றுக்கும் மசியும் வெள்ளீயம்

போன இதழில், 1986-ல் பிரிட்டன் தன் சுரங்கங்களிலிருந்து கேனரிப் பறவைகளை விலக்கிக்கொண்டதோடு நிறுத்தியிருந்தோம். பறவையின் இடத்துக்கு மின்னணுக் கருவி வந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பூமிக்கு மேலே, ஜப்பானியக் குடும்பங்களின் சமையலறைச் சுவரில் வேறொரு கருவி குடியேறிவிட்டது. அதற்குள் இருந்த சரக்கு ஒரு சிட்டிகைகூட வராது: வெள்ளீய ஆக்சைடு. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு எந்த உலோகமோ, அதே உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து வெளுத்த பொடியானது. ஆய்வகங்களில் டின் ஆக்சைடு என்பார்கள். நாமும் இனி அப்படியே சொல்வோம்.

இந்தப் பொடிக்கு வந்த மவுசு, வேறு சிலருடைய தலைவலியிலிருந்து பிறந்தது.

1947 டிசம்பரில், நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். சிறிய ஜெர்மானியத் துண்டு, அதன்மேல் நெருக்கமாக அழுத்திய இரண்டு தங்க முனைகள். உலகமே கொண்டாடியது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தலைகாட்டியது. காற்றில் ஈரம் கூடினால் டிரான்சிஸ்டரின் குணம் மாறியது. இன்று ஒழுங்காக வேலை செய்த துண்டு நாளை இரைச்சல் போட்டது. குறைக்கடத்தியின் உள்ளே நடப்பதைப் பற்றிய கணக்கெல்லாம் சரியாக இருந்தது. தகராறு முழுக்கப் பரப்பில்.

இருவரும் அந்தப் பரப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியத்தை ஒரு கலத்தில் வைத்து ஓசோனைச் செலுத்தினார்கள், பிறகு ஈரமான வாயுவைச் செலுத்தினார்கள், மறுபடியும் ஓசோன். வாயு மாறும்போதெல்லாம் பரப்பின் மின்னழுத்தம் ஒரு பக்கம் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. 1953-ல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் இதை எழுதினார்கள். சாரம் இவ்வளவுதான்: வெளியே காற்றில் இருக்கும் ஒரு பொருள் பரப்பில் ஒட்டினால், உள்ளே எலெக்ட்ரான்களின் நடமாட்டம் மாறுகிறது. பார்டீன் இயற்பியலில் இரண்டு நோபல் வாங்கிய ஒரே மனிதர். அந்த இரண்டும் வேறு வேலைகளுக்கு வந்தவை. இந்தக் கட்டுரையை வாயு உணரிக்காரர்கள் தவிர வேறு யாரும் இன்று நினைப்பதாகத் தெரியவில்லை.

டிரான்சிஸ்டர் செய்தவர்களுக்கு இது நோய். முதல் மருந்து, துண்டை உலோகக் குப்பிக்குள் காற்றுப் புகாமல் அடைப்பது. அடுத்த மருந்து அதே பெல் ஆய்வகத்தில் 1950-களின் கடைசியில் கிடைத்தது. எகிப்தில் பிறந்த முகமது அட்டல்லா, சிலிக்கானின் மேல் அதன் சொந்த ஆக்சைடையே மெல்லிய படலமாக வளர்த்தால் பரப்பு அடங்கிவிடுகிறது என்று காட்டினார். இன்று நம் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுகளின் குடும்பமே அந்தப் படலத்தின்மேல்தான் வளர்ந்தது. சிலிக்கானின் ஆக்சைடு காற்றுக்குக் கதவைச் சாத்தியது. துத்தநாகத்தின் ஆக்சைடும் வெள்ளீயத்தின் ஆக்சைடும் அந்த மாதிரி இல்லை. அவை திறந்த வீடு.

திறந்த வீடு என்பது ஐரோப்பியர்களுக்குத் தெரியாததல்ல. 1938-லேயே ஜெர்மனியில் கார்ல் வாக்னரும் கார்ல் ஹாஃபேயும், நிக்கல் ஆக்சைடின்மேல் ஒரு வாயு வினை நடக்கும்போது அதன் மின்கடத்தல் மாறுவதை அளந்திருந்தார்கள். 1954-ல் ஹைலாண்ட் என்பவர் துத்தநாக ஆக்சைடில் இதையே இன்னும் துல்லியமாகப் பார்த்தார். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் மின்கடத்தல் என்பது வேதிவினையை எட்டிப் பார்க்க உதவும் ஜன்னல். ஜன்னலையே விற்கலாம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எண்ணம் வருவதற்கு வாயு என்பது ஆய்வுப் பொருளாக இல்லாமல் அன்றாட பயமாக இருக்கும் ஓர் ஊர் தேவைப்பட்டது.

அந்த ஊர் 1950-களின் ஜப்பான். போருக்குப் பின் பொருளாதாரம் எழுந்த வேகத்தில், விறகும் கரியும் எரிந்த அடுப்பங்கரைகளுக்குள் எல்.பி.ஜி. சிலிண்டர்கள் நுழைந்தன. பெரிய நகரங்களில் குழாய் வழியே நகர எரிவாயு வந்தது. புறநகருக்கும் கிராமத்துக்கும் சிலிண்டர்தான். குளிருக்காக அடைத்துக் கட்டிய சிறிய வீடுகள். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கிப் பரவும். காற்றில் அது சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். மூக்குக்குத் தெரியட்டும் என்று நாற்றப் பொருள் கலப்பது அங்கும் உண்டு, இங்கும் உண்டு. தூங்குகிறவர் மூக்கும், சளி பிடித்தவர் மூக்கும், பழகிப்போன மூக்கும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

1962-ல் இந்த நாட்டில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் சாராமல், ஒரே கதவைத் தட்டினார்கள்.

முதலாமவர் டெட்சுரோ செய்யாமா. கியூஷு தீவின் ஃபுகுவோகா நகரில், கியூஷு பல்கலைக்கழகத்தில் வினையூக்கிகளை ஆராய்ந்த பேராசிரியர். அவரும் கூட்டாளிகளும் துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமாகப் பூசி, 485 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதன்மேல் வாயுக்களை ஓட்டினார்கள். டொலுவீன், பென்சீன், புரொப்பேன், சாராய ஆவி என்று ஒவ்வொன்றுக்கும் படலத்தின் மின்தடை அசைந்து கொடுத்தது. அன்று ஆய்வகங்களில் புழங்கிய வெப்பக் கடத்தல் உணரியோடு ஒப்பிட்டால், புரொப்பேனுக்கு இது ஏறத்தாழ நூறு மடங்கு கூர்மை. அமெரிக்காவின் அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி இதழில் இதைச் சொல்ல அவர்களுக்கு இரண்டே பக்கம் போதுமாக இருந்தது.

செய்யாமா மனதில் இருந்தது வாயுப் பிரிகைக் கருவி, அதாவது கேஸ் குரோமட்டோகிராஃப். கலவையான வாயு ஒரு நீண்ட குழாய்க்குள் போய், ஒவ்வொன்றாகப் பிரிந்து, வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் உணரிக்கு வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டியதில்லை. யாரோ வந்தார், இவ்வளவு பேர் வந்தார் என்று சொன்னால் போதும். பெயரை நேரம் சொல்லிவிடும். இதை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கருவியின் வாழ்வும் தாழ்வும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

இரண்டாமவர் நாவோயோஷி தாகுச்சி. பொறியியல் மாணவர்கள் இந்தப் பெயரைப் பார்த்ததும் தரக் கட்டுப்பாட்டுப் பாடத்தில் வரும் ‘தாகுச்சி முறை’யை நினைத்துக்கொள்வார்கள். அவர் கெனிச்சி தாகுச்சி, வேறு ஆள். நம் தாகுச்சி பல்கலைக்கழகத்துக்காரர் அல்லர். கண்டுபிடித்ததைக் கடையில் வைக்க நினைத்தவர். அவருக்கு வேண்டியது வீட்டுச் சுவரில் மாட்டுகிற ஒரு பெட்டி, கேஸ் கசிந்தால் கூவ வேண்டும், அவ்வளவே. அவர் பொருள்களை மாற்றி மாற்றிப் பார்த்து டின் ஆக்சைடில் வந்து நின்றார். துத்தநாக ஆக்சைடைவிடக் குறைந்த சூட்டில் வேலை செய்யும். வருடக்கணக்கில் சூடாகவே இருந்தாலும் எளிதில் கெடாது. 1962-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பொருள் சந்தைக்கு வர 1968 ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு ஒசாகாவில் ஃபிகாரோ என்ற நிறுவனம் பிறந்தது. டி.ஜி.எஸ். என்று அதன் உணரிகளுக்கு இன்றும் ஓடும் பெயர், ‘தாகுச்சி வாயு உணரி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

யார் முதல் என்று ஜப்பானியர்களே இன்னும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். என் கணக்கில் இது வீண் வழக்கு. கூர்மையை அளந்து உலகத்துக்குச் சொன்னவர் செய்யாமா. ஆறு வருடம் மல்லுக்கட்டி அதைக் கெடாத பண்டமாக்கியவர் தாகுச்சி. இரண்டில் எது குறைந்திருந்தாலும் கதை அங்கேயே நின்றிருக்கும். முன்பு ஜெர்மனியில் நின்றதே, அந்த மாதிரி.

அந்த ஆறு வருடத்தில் நடந்த வேலையின் ருசியை அறிய, உணரியைத் திறந்து பார்ப்பதுதான் வழி. பழைய ஃபிகாரோ இப்போது கிடைப்பது அரிது. ஆனால் அதே வம்சத்தில் வந்த சீனத் தயாரிப்பு, எம்.க்யூ-2 என்ற பெயரில், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் தொங்குகிறது. கல்லூரி புராஜெக்ட் என்று வரும் மாணவர்களில் பாதிப் பேர் அர்டுவினோ பலகையோடு சேர்த்து இதைத்தான் வாங்கிப் போகிறார்கள். வட்டமான உலோகத் தொப்பி, அதன் முகத்தில் எஃகுக் கம்பி வலை. உள்ளே, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பீங்கான் குழாய், ஆறு கால்களுக்கு நடுவில் மெல்லிய கம்பிகளில் அந்தரத்தில் தொங்கும். குழாய்க்கு உள்ளே சுருளாக நிக்ரோம் கம்பி, அது அடுப்பு. குழாயின் வெளிப்புறத்தில் தங்கப் பட்டைகள், அவற்றின்மேல் அழுக்கு வெள்ளையாக அப்பியிருக்கும் டின் ஆக்சைடு. ஐந்து வோல்ட் கொடுத்துச் சில நிமிடம் கழித்துத் தொப்பியைத் தொட்டால் கை சுடும். முக்கால் வாட்டுக்குக் குறையாத மின்சாரம் சூட்டுக்கே போகிறது.

வலை எதற்கு? தூசு வராமல் இருக்க என்று மாணவர்கள் சொல்வார்கள். கேஸ் கசிந்த அறையில், பல நூறு டிகிரியில் கனன்றுகொண்டிருக்கும் ஓர் அடுப்பை வைத்திருக்கிறோம் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. உள்ளே தீப்பிடித்தாலும் சுவாலை வெளியே தாண்டாமல் அந்த வலை அதன் சூட்டை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இந்தத் தொடரின் தொடக்கத்தில் 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கட்டினாரே, அதே வலை, அதே காரணம்.

இனி அந்த அழுக்கு வெள்ளைப் பூச்சு. டின் ஆக்சைடு படிகத்தில் ஆங்காங்கே ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் குறைதான் அதற்குள் திரியும் எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் பொடித் துகளின் பரப்பில் வந்து ஒட்டி, அந்த எலெக்ட்ரான்களை அடகாக வாங்கிக்கொள்கிறது. துகளின் ஓரம் எலெக்ட்ரான் இல்லாமல் வறண்டு போகிறது. ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு மின்சாரம் தாண்ட முடியாமல் திணறுகிறது. மின்தடை ஏறி நிற்கிறது. இந்த நேரத்தில் எரியக்கூடிய ஒரு வாயு வந்தால், பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிடும். அடகு மீண்டுவிட்டது, எலெக்ட்ரான்கள் வீடு திரும்புகின்றன, மின்தடை சட்டென்று சரிகிறது. வாயு விலகியதும் ஆக்சிஜன் மறுபடி வந்து உட்காரும், மறுபடி மின்தடை ஏறும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற, தானே எலெக்ட்ரானைப் பறிக்கும் வாயு வந்தால் விளைவு தலைகீழ். செம்பு, நிக்கல் ஆக்சைடுகளில் மின்சாரத்தைச் சுமப்பது எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்கள் என்பதால் அங்கும் தலைகீழ். அந்தக் கிளைக்குள் இன்று போக வேண்டாம்.

இந்த விளக்கத்தை நான் இவ்வளவு சரளமாகச் சொல்வதால் தாகுச்சிக்கும் இது தெரிந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். முறையான விளக்கம் பண்டம் விற்பனைக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, 1970-களிலும் 80-களிலும் மெல்ல மெல்லத் திரண்டது. அவர் கைப்பக்குவத்தால் கண்டுகொண்டவை வேறு. படலமாகப் பூசுவதைவிட, பொடியைச் சுட்டு, உள்ளே காற்று நுழையும்படி துளைகள் நிறைந்த கட்டியாக்கினால் கூர்மையும் உழைப்பும் கூடுகிறது. அதில் துளி பல்லேடியம் கலந்தால் வாயு சுலபமாக எரிகிறது, குறைந்த சூட்டிலேயே பதில் வருகிறது. ஆரம்ப கால உணரிகளில் பீங்கான் குழாய்கூடக் கிடையாது. ஒரு டின் ஆக்சைடு மணிக்குள் இரண்டு கம்பிச் சுருள்களைப் புதைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கேஸ் பட்டதும் மின்தடை விழுந்த விழுகை அத்தனை பெரியது, இடையில் பெரிய மின்னணுச் சுற்று எதுவும் இல்லாமல் நேராக ஒரு பஸ்ஸரைக் கத்த வைக்க முடிந்தது. விலை குறைந்ததற்கு இதுவே காரணம். கருவி ஏழை வீட்டுக்குள் நுழைந்ததற்கும்.

அதற்குள் ஜப்பானில் விபத்துகள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தன. 1970 ஏப்ரல் 8-ம் தேதி, உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த அதே ஒசாகாவில், சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டிய இடத்தில் நகர எரிவாயுக் குழாய் விட்டுப்போய் வெடித்ததில் 79 பேர் இறந்தார்கள். அது தெருவில் நடந்தது. வீட்டு அலாரம் அதற்கு உதவியிருக்காது. 1980 ஆகஸ்ட் 16-ல் ஷிசுவோகா ரயில் நிலையத்துக்கு எதிரே, நிலத்தடிக் கடைவீதியில் 15 பேர். இதற்குப் பிறகுதான் நிலத்தடிக் கடைவீதிகளில் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி இருந்தே ஆக வேண்டும் என்று தீயணைப்பு விதிகள் மாறின. 1983 நவம்பரில் அதே ஷிசுவோகா மாநிலத்தில், சுமகோய் என்ற உல்லாச விடுதியின் உணவுக்கூடத்தில் புரொப்பேன் கசிந்து 14 பேர். ஒவ்வொரு வெடிப்புக்கும் பிறகு அரசாங்கம் ஒரு படி நகர்ந்தது. எந்த நாட்டிலும் பாதுகாப்பு விதிகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன, சாவுதான் மனு.

விதிகளில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. எல்.பி.ஜி. வீடாக இருந்தால் அலாரத்தைத் தரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்ட வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால் கூரைக்கு ஓர் அடிக்குள், ஏனென்றால் மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போகும். நம் ஊரில் சிலிண்டர் வைத்திருப்பவர்களே பெரும்பாலோர். அலாரம் வாங்கியவர்களில் பலர் அதைக் கண்ணுக்கு அழகாக, சுவிட்ச் போர்டு உயரத்தில் மாட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது கூவும் நேரத்தில் கேஸ் இடுப்பளவு நின்றிருக்கும்.

மாட்டிய இடம் சரியாக இருந்தாலும் வேறொரு தொல்லை வந்தது. ஜப்பானியச் சமையலில் அரிசிச் சாராயம் தாராளம். சட்டியில் ஊற்றி ஆவி எழுந்ததும் அலாரம் கூவியது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேக்குக் கூவியது. நாட்பட மின்சாரம் இல்லாமல் கிடந்து மறுபடி இணைத்தால், கேஸே இல்லாமல் முதல் சில நிமிடம் கூவியது. காற்றில் ஈரம் கூடினால் மின்தடை தானாகவே இறங்கியது. சிலிக்கோன் ஆவி பட்டால் இதற்கு நேர் எதிர்: பரப்பு மூடிப்போய், கருவி வாயைத் திறக்காமலே செத்தது. பொய்யாகக் கூவும் அலாரத்தை வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

காரணம் மேலே சொன்ன விளக்கத்திலேயே இருக்கிறது. கருவிக்குத் தெரிவதெல்லாம் பரப்பில் ஆக்சிஜன் குறைந்தது என்ற ஒன்றுதான். குறைத்தது பியூட்டேனா, சாராயமா, ஹைட்ரஜனா என்று அதற்குத் தெரியாது. எரிகிற எதற்கும் அது மசியும். செய்யாமாவுக்கு இந்தக் குறை உறைக்கவில்லை, ஏனென்றால் அவருடைய பிரிகைக் குழாய் முன்னாலேயே வாயுக்களை வரிசையில் நிறுத்தி அனுப்பியது. தாகுச்சிக்குக் குழாய் கிடையாது. அவர் நம்பியது வீட்டில் பெரிய அளவில் வரக்கூடிய எரிவாயு ஒன்றே ஒன்றுதான் என்ற நடைமுறை உண்மையை. முக்கால்வாசி நேரம் அந்த நம்பிக்கை பலித்தது. மீதிக் கால்வாசிக்கு, பிறகு வந்தவர்கள் உணரியின் முகத்தில் கரித்தூள் வடிகட்டியை வைத்தார்கள். சாராய ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும், மீத்தேனை விட்டுவிடும்.

கியூஷு பல்கலைக்கழகத்தில் செய்யாமாவின் வாரிசாக வளர்ந்தவர் நோபோரு யமசோயே. இந்தத் துறையின் இலக்கணத்தை எழுதியவர் என்று சொன்னால் மிகையில்லை. 1983-ல் பல்லேடியம், வெள்ளி, பிளாட்டினம் போன்ற சேர்மானங்கள் என்ன செய்கின்றன என்பதைக் கூட்டாளிகளோடு பிரித்துக் காட்டினார். சில, வாயுவைப் பிடித்து உடைத்துத் துகளின்மேல் கொட்டுகின்றன. சில, தாமே துகளிலிருந்து எலெக்ட்ரானை இழுத்து வைத்துக்கொண்டு, வாயு வந்ததும் விடுகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுகுவோகாவில் வேதி உணரிகளுக்கான முதல் உலக மாநாடு கூடியது. அந்த மாநாட்டு வரிசை இன்றுவரை நாடு நாடாகத் தொடர்கிறது.

யமசோயேயின் பெரிய அடி 1991-ல் விழுந்தது. ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கும்போது துகளின் ஓரம் வறள்கிறது என்றோமே, அந்த வறண்ட ஓரத்தின் தடிமன் டின் ஆக்சைடில் சுமார் 3 நானோமீட்டர். துகள் பெரிதாக இருந்தால் ஓரம் வறண்டாலும் நடுவயிறு ஈரமாகவே இருக்கும். துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால்? குறுக்களவு 6 நானோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் இரண்டு பக்கத்து ஓரமும் நடுவில் சந்தித்து, துகள் முழுவதுமே வறண்டுவிடுகிறது. அந்த இடத்தில் கூர்மை செங்குத்தாக எகிறியது. அவருடைய வரைபடத்தில் அதுவரை படுத்துக் கிடந்த கோடு அங்கே எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். நானோ என்ற சொல் விளம்பரப் பலகைகளுக்கு வருவதற்கு முன்பே வந்த நானோ கண்டுபிடிப்பு இது. 2001-க்குப் பிறகு ஆக்சைடு நானோ நாடாக்கள், நானோ கம்பிகள் என்று கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி யமசோயேயின் அந்த ஒரு கோட்டுக்கு எழுதிய உரைதான் என்பது என் எண்ணம்.

1992-ல் இதே குழுவினர் டின் ஆக்சைடோடு செம்பு ஆக்சைடைக் கலந்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு மட்டும் அசாதாரணமாகப் பதில் சொல்லும் உணரியை விளக்கினார்கள். எலெக்ட்ரான் மிகுந்த டின் ஆக்சைடும் எலெக்ட்ரான் குறைந்த செம்பு ஆக்சைடும் தொடும் இடமெல்லாம் மின்சாரத்துக்குத் தடுப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தால் செம்பு ஆக்சைடு செம்பு சல்ஃபைடாக மாறிவிடும். அது உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தும். தடுப்புகள் ஒரே நேரத்தில் இடிந்து விழ, மின்தடை பல மடங்கு சரிகிறது. வாயு போனதும் காற்று அதை மறுபடி ஆக்சைடாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மசிகிற பொருளை ஒருவருக்கு மட்டும் மசிய வைக்க முடியும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது. கெடுவாய்ப்பாக, மற்ற வாயுக்களுக்கு இப்படி ஒரு தனிப் பூட்டும் சாவியும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

குறையை நீக்க முடியாவிட்டால், குறை உறைக்காத இடமாகப் பார்த்து வைப்பது இன்னொரு சாமர்த்தியம். அதற்கு நல்ல சான்று நம் பக்கத்திலேயே, கல்பாக்கத்தில் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைகளில் சூட்டைச் சுமப்பது உருகிய சோடியம். நீராவி உற்பத்திக் கலத்தில் சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரு குழாயின் சுவர் மட்டும். அதில் ஊசித் துளை விழுந்தாலும் தண்ணீர் சோடியத்தோடு வினைபுரியும். அந்த வினை துளையை இன்னும் அரித்துப் பெரிதாக்கும். முதல் அடையாளம் ஹைட்ரஜன். உலை முழுச் சூட்டில் ஓடும்போது ஹைட்ரஜன் சோடியத்திலேயே கரைந்துவிடும். அதைச் சோடியத்துக்குள் அமிழ்ந்திருக்கும் மின்வேதி உணரி பிடித்துவிடும். உலையைத் தொடங்கும்போதும் குறைந்த சூட்டில் ஓட்டும்போதும் ஹைட்ரஜன் சரியாகக் கரையாமல் மேலே, சோடியத்தின்மேல் போர்த்தியிருக்கும் ஆர்கான் வாயுவுக்குள் ஏறிவிடும். அங்கே பத்து லட்சத்தில் சில பங்கு ஹைட்ரஜனையும் கண்டுபிடிக்க அந்த மையத்தின் வேதியியலாளர்கள் உருவாக்கியது, டின் ஆக்சைடு படல உணரி. ஆர்கானுக்குள் தாளிப்பும் கிடையாது, சாராயமும் கிடையாது, ஸ்பிரேயும் கிடையாது. அங்கு வரக்கூடிய விருந்தாளி ஹைட்ரஜன் ஒருவர்தான்.

சுவரில் மாட்டும் அலாரம், பாலைவன எண்ணெய் வயலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு காவல், கல்பாக்கத்து ஆர்கான் என்று, கேள்வி ஒன்றாக இருக்கும் இடங்களிலெல்லாம் இந்தக் கருவி உழைத்துத் தன் சோற்றைச் சம்பாதித்திருக்கிறது. காற்றில் என்னென்ன இருக்கிறது என்று ஒற்றை எம்.க்யூ உணரியிடம் கேட்டு, அது கொடுக்கும் எண்ணை ‘காற்றின் தரம்’ என்று திரையில் போடும் கல்லூரிக் கண்காட்சிகளை என்னால் ரசிக்க முடிவதில்லை. பிழை கருவியுடையதல்ல, கேட்டவருடையது. அதைச் சொல்லித்தராத நம் பாடத்திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் இங்கிலாந்தில் இரண்டு பேர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் என்ற இருவரும், மனித மூக்கில் உள்ள ஏற்பிகளும் ஒவ்வொன்றும் பல வாசனைகளுக்கு மசிகிறவைதானே, அப்படியிருந்தும் நாம் எப்படி ரோஜாவையும் மல்லிகையையும் பிரித்தறிகிறோம் என்று கேட்டார்கள். மூன்று உலோக ஆக்சைடு உணரிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மூன்றும் சேர்ந்து சொல்லும் பதிலை எடுத்துக்கொண்டார்கள். ‘மின்னணு மூக்கு’ என்று பின்னால் பெயர் பெற்ற கருவிக்கு அதுவே தொடக்கம். அவர்களுடைய கட்டுரை 1982 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது. அடுத்த இதழில் அங்கிருந்து தொடங்கி, நோயாளியின் மூச்சுக் காற்றில் அசிட்டோனைத் தேடிய சூரிக் ஆய்வகம் வரை போவோம்.